‘சும்மா வீட்டில்’ என்று நான் எழுதிய பெண்கள்

போன மாதம் எங்கள் பழைய கொம்பனியில் வேலை செய்கிற அனுஜா என்ற பிள்ளை போன் எடுத்தாள். ஆபிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போகப்போகிறாளாம். அங்கே வீதி விபத்துகளால் அந்த நாட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்கெடுக்கிற வேலை. “அங்கிள், வீடு வீடாப் போய்க் கதை எடுக்கிறதில நீங்கள்தான் கிங் எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்கோ,” என்றாள்.

நான் விடுவேனா? அரை மணித்தியாலம் அளந்தேன். படலையில் நின்று எப்படிக் குரல் கொடுப்பது, நாய் நின்றால் என்ன செய்வது, தருகிற தேத்தண்ணியை ஏன் மறுக்கக்கூடாது, எல்லாம் சொன்னேன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், என் மனைவி தவமணி எதிரில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.  என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் காது சுட்டது. உண்மையில் சொல்லவேண்டியதைத் தவிர மற்றதெல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தேன்.

நான் படித்தது ஏழாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில், அடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தப் பழகினேன். அகதியாக ரொறன்ரோவுக்கு வந்து, ரெக்ஸ்டேலில் ஒரு கராச்சில் அதே சுத்தியலைப் பிடித்தேன். ஆங்கிலம் வராது, தகரம் வரும். அடிபட்ட காரைப் பார்த்து மதிப்புப் போட இன்சூரன்ஸ் கொம்பனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருவார். ஒருநாள் அவர் எழுதி முடித்த பிறகு நான் கதவைத் திறந்து உள்ளே இருந்த வளைவைக் காட்டினேன். மனுசன் எழுதினதைக் கிழித்துப்போட்டுத் திருப்பி எழுதினார். அடுத்த வருடம் நான் அவருடைய காரில் பக்கத்து சீற்றில் இருந்தேன். கொஞ்சக் காலத்தில் மதிப்புப் போடுகிற ஆள் நானே. பம்பரைத் தடவிப் பார்த்து, அடித்தவன் பிரேக் பிடித்தானா இல்லையா என்று சொல்லுவேன். இந்த நகரத்தில் என்னைத் தெரியாத கராச்காரன் அந்தக் காலத்தில் இல்லை.

மில்லிக்கனில் வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இந்த இரண்டு கைகளால் வந்தது. கலியாண வீடுகளில் நாலு பேர் கூடினால் இதைச் சொல்லாமல் நான் சாப்பிட இருந்ததில்லை. “தனி ஆளா நிண்டு எழும்பினனான். மனுசியை ஒருநாளும் வேலைக்கு விட்டதில்லை. அவ சும்மா வீட்டில.” இதுதான் நான் வழமையாகச் சொல்லுகிற கதை.

பிறகு என்னை ஒரு சின்னக் கொம்பனி கூப்பிட்டது. வறிய நாடுகளில் வீதிப் பாதுகாப்புக்கு ஆலோசனை சொல்லுகிறவர்கள். உடைந்த வாகனங்களுக்குப் பெறுமதி போட அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. எனக்கு மேலதிகாரி வாசுகி. பொருளாதாரத்தில் கலாநிதி. பத்து வயதில் இங்கே வந்து யூனியன்வில்லில் வளர்ந்த பிள்ளை. என் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூப்பு. முதல் நாள் நான் “சொல்லு பிள்ளை” என்றேன். “அங்கிள், வீட்டுக்கு வந்தால் நான் பிள்ளை. இஞ்ச வாசுகி,” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்தாலும் அது கட்டளைதான்.

ஒரு விபத்துக்கு எப்படிக் காசுக் கணக்குப் போடுவது என்று அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். உடைந்த வாகனத்துக்கு ஒரு தொகை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு தொகை. பொலிஸ், நீதிமன்றம் என்று அலைகிற நேரத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் விழுங்குகிற பெரிய தொகை கடைசியில் வரும்: செத்தவர் இருந்திருந்தால் மிச்சக் காலத்தில் என்ன உழைத்திருப்பார்?

“அப்ப மனிசருக்கு விலை போடுறியள்,” என்றேன்.

“விலை இல்லை அங்கிள். இழப்பு. உதைவிட நல்ல முறையள் இருக்கு. ஆனா காசு தாற ஆக்கள் உதைத்தான் ஒத்துக்கொள்ளுவினம். சம்பளம் எண்டு ஒண்டு இருந்தாத்தான் அவைக்குக் கண் தெரியும். வீட்டு வேலைக்கு ஏதோ கிள்ளிப் போடுவினம்.”

அவளுடைய வேலைமுறையை நான் மறக்கமாட்டேன். நாங்கள் கொண்டுவருகிற ஒவ்வொரு படிவத்தையும் அடிமட்டம் வைத்து வரிவரியாக வாசிப்பாள். மேசையில் ஒரு மண்டரின் தோடம்பழம் இருக்கும். வாசித்து முடியும்வரை உரிக்கமாட்டாள். பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்பாள்: “இதை எப்பிடி அறிஞ்சனீங்கள்?” வீட்டுக்காரர் சொன்னதா, நாங்கள் கண்ணால் கண்டதா? சொன்னதற்கு ஒரு அடையாளம், கண்டதற்கு ஒரு அடையாளம் போடவேண்டும். “சைக்கிள் முந்தியே பழசு” என்று நான் எழுதினால், துருவைக் கண்டேனா கேள்விப்பட்டேனா என்று கேட்பாள். ஏழாம் வகுப்புக்காரனான எனக்கு அது நன்றாகப் பிடித்தது. கண்ணால் காண்பதுதானே என் தொழில்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு வன்னியில் ஒரு வேலை வந்தது. பெரிய வீதியைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பழைய குழி கிடங்கு இல்லை. லொறியும் பஸ்ஸும் பறந்தன. கரையோர ஊர்களில் ஆட்கள் அடிபட்டார்கள். வீதியைக் கடக்கிற இடங்களில் வேகத்தடையும் மின்னுகிற மஞ்சள் விளக்கும் போட ஒரு நிதி இருந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் காணாது. எந்த இடத்தில் விபத்தின் இழப்பு, விளக்குப் போடுகிற செலவைவிடக் கூடவோ, அந்த இடத்துக்குத்தான் கிடைக்கும். இழப்புக் கணக்கு எங்கள் கையில். தமிழ் தெரிந்தவன் என்பதால் வாகனத்தோடு வீடுகளும் என் பொறுப்பில் வந்தன.

ஒரு ஊருக்குப் போனோம். பேர் வேண்டாம். ஒரு கரையில் வீடுகள், மறுகரையில் வயல். நடுவில் வீதி. என்னோடு வந்த வாசுகி பொலிஸில் விபத்துப் பதிவுகளைப் பார்க்கப் போனாள். நான் சிவராசா என்பவரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி இராசமலர் சில மாதங்களுக்கு முன் வீதியைக் கடக்கும்போது லொறி அடித்துச் செத்தவ.

சிவராசா ஐம்பது மதிக்கத்தக்க மனிதர். யுத்தத்துக்கு முன் சொந்த உழவு இயந்திரம் வைத்திருந்தவர். இப்போது தகரக் கொட்டில், ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில் என்னை இருத்திவிட்டுத் தான் கட்டையில் இருந்தார். தேத்தண்ணி தந்தார். நான் படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்: “உங்கட மனுசி ஏதும் வேலைக்குப் போனவவோ?”

மனிதர் முதுகை நிமிர்த்தினார். “இல்லை ஐயா. நான் ஒருநாளும் விட்டதில்லை. அவ சும்மா வீட்டில.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அவரை நல்லாய்ப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் ஆள் என்று நினைத்தேன். “அதுதான் சரி,” என்றுகூடச் சொன்னேன்.

“அண்டைக்குக் கோயிலுக்குப் போட்டு வந்தவ,” என்றார், நான் கேட்காமலே.

அவருக்குப் பின்னால் ஒரு கொடி கட்டியிருந்தது. அதில் ஆம்பிளைகள் போடுகிற முழுக்கைச் சட்டை ஒன்று தூசி படிந்து தொங்கியது. கை நுனியும் நெஞ்சும் சேற்றுக் கறை. பக்கத்தில் தலைக்குக் கட்டுகிற ஒரு துவாய். சட்டைக் கைகளை உள்ளுக்கு மடித்துத் தைத்திருந்தது, சின்ன ஆளுக்கு அளவாக. சிவராசா ஆறடி மனிதர். வயலில் களை எடுக்கிற பொம்பிளைகள் வெயில் படாமலும் நெல் தாள் கீறாமலும் புருசனின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு போவார்கள். இது எனக்குத் தெரியாதா? பம்பரில் பெயின்ற் உரசலைக் கண்டு அடித்த வண்டியின் நிறம் சொல்லுகிறவன் நான்.

கண்டேன். ஆனால் ஒரு ஆம்பிளை தன் மானத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, விருந்தாளியாகப் போனவன் அதைத் தட்டி விழுத்தக்கூடாது. நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். “வேலை: இல்லை” என்று எழுதினேன். ‘வீட்டுக்காரர் சொன்னது’ என்று அடையாளம் போட்டேன். கண்டதற்கான இடத்தை வெறுமையாக விட்டேன்.

பிறகு போன வீடுகளிலும் அதே கதைதான். புருசன்மார், தமையன்மார், ஒரு வீட்டில் மகன். ‘சும்மா வீட்டில.’ மண்வெட்டி, சேற்றுச் சட்டை, கச்சான் கடலை பிடுங்கிக் காய்த்த கையோடு ஒரு பக்கத்து வீட்டுக்காரி, எல்லாம் கண்டேன். எல்லா இடத்திலும் சொன்னதையே எழுதினேன். எழுதும்போது ஒரு நல்ல காரியம் செய்கிற நினைப்பு வேறு.

ரொறன்ரோவுக்குத் திரும்பி, அறிக்கை கொடுக்கிற கிழமை வந்தது. அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை வாசுகியை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டோம். ஒரு பெட்டி மண்டரினும் கொம்பியூட்டருமாக வந்தாள். தவமணி கணவாய்க் கறி வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே வாசுகி சொன்னாள்:

“அங்கிள், அந்த ஊர் விழுந்துபோச்சு. இழப்பு காணாது. விளக்கு வராது.”

“அவ்வளவு பேர் செத்த ஊர்!”

“செத்தது எல்லாம் பொம்பிளையள். எல்லாருக்கும் வேலை இல்லை எண்டு கிடக்கு.” பிளேற்றைத் தள்ளி வைத்தாள். “அக்சுவலி எனக்கு ஒண்டு விளங்கேல்ல. வேலைக்குப் போகாத ஆக்கள் ஏன் எல்லாரும் வெள்ளணயும் பின்னேரமும்தான் அந்த றோட்டைக் கடக்கேக்க அடிபட்டிருக்கினம்?”

“கோயிலுக்குப் போயிருப்பினம்.”

“களை எடுக்கிற காலத்திலயும் அரிவு வெட்டுக் காலத்திலயும் மட்டும் சாமி கும்பிடுறவையோ?”

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது? அப்போது தவமணி குழம்புச் சட்டியோடு வந்தாள்.

“அது வேலைக்குப் போற நேரம் பிள்ளை,” என்றாள். “நான் பாண் சுடுற பக்டரியில நிண்ட காலம் முழுக்க உந்த நேரத்திலதான் ஸ்ரீல்ஸ் றோட்டைக் கடந்தனான். பஸ்ஸைப் பிடிக்க ஓடி, பனியில விழுந்தும் இருக்கிறன்.”

வாசுகி அவளைத் திரும்பிப் பார்த்தாள். “அன்ரி, நீங்கள் வேலை செய்தனீங்களோ?”

“பிள்ளையள் பள்ளிக்கூடம் தொடங்கினதிலயிருந்து, முழங்கால் தேயும்மட்டும்.”

“இல்ல... அங்கிள் சொன்னவர்...”

“என்ன, சும்மா வீட்டில எண்டோ? உவர் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறவர். கலியாண வீட்டில சொல்லேக்க நான் பக்கத்திலதான் நிக்கிறனான்.” கோபம் ஒன்றும் இல்லை அவளுடைய குரலில். மழை பெய்கிறது என்று சொல்லுவது மாதிரிச் சொன்னாள். “இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?”

அந்தக் கதிரையிலிருந்து எழும்பி எங்கேயாவது போகலாம் போல இருந்தது. என் சொந்த வீடு, எங்கே போவது? நாங்கள் வந்த காலத்தில், “மனுசியைப் பக்டரிக்கு அனுப்பி வீடு வாங்கினவன்” என்று ஆட்களை முதுகுக்குப் பின்னால் நக்கலடிப்போம். நானும் அடித்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேர் வரக்கூடாது என்று அவளைப் பின்கதவால் வேலைக்கு அனுப்பினேன் என்றே சொல்லலாம். வீட்டு மோட்கேஜ் கடனில் பாதி அவளுடைய சம்பளம். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. பேசாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வாசுகி ஒரு மண்டரினை எடுத்து உரித்தாள். தோலைத் துண்டு துண்டாக மேசையில் வரிசையாக அடுக்கினாள். பிறகு கேட்டாள்: “அங்கிள், அந்த வீடுகளில நீங்கள் கண்டது ஒண்டுமில்லையோ?”

“கண்டனான்,” என்றேன். கொடியில் தொங்கிய சட்டையைச் சொன்னேன்.

“எத்தினை வீட்டில?”

“கனக்க வீட்டில.”

திட்டினாள் என்றால் தாங்கியிருப்பேன். “நாளைக்குக் காலமை இஞ்ச வாறன். அங்க அப்ப பின்னேரம். திருப்பிக் கேப்பம். நீங்கள்தான் கேக்கவேணும் அங்கிள். நான் கேட்டால் அவை இன்னும் நிமிந்து இருப்பினம்,” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் சிவராசாவுக்குப் போன் எடுத்தேன். மேசையில் வாசுகி. அடுப்படியில் தவமணி. சுகம் விசாரித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பி, உங்கட மனுசி வயல் வேலைக்குக் கூலிக்குப் போனவ எல்லோ?” என்று கேட்டேன்.



“ஐயா, நீங்கள் என்ர வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன ஆள். செத்தவளை ஏன் கூலிக்காரி ஆக்கிறியள்?”

விளக்கைப் பற்றிச் சொன்னேன். அவ உழைத்தவ என்று எழுதினால்தான் அந்த இடத்தில் லொறிகள் வேகம் குறைக்கும் என்றேன்.

“வேற ஆரையும் எழுதுங்கோ. நான் அவளை வேலைக்கு விட்டு இருந்து சாப்பிட்டனான் எண்டு என்ர வாயால சொல்லமாட்டன்.”

வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. “தம்பி, என்ர மனுசி இஞ்ச பாண் பக்டரியில வேலை செய்தவ. நான் அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை.”

“ஏன் சொல்லேல்ல?”

“வெக்கம்.”

“அவவை நினைச்சோ?”

 அவளை நினைத்துத்தான் இவ்வளவு காலமும் வெட்கப்பட்டேன் என்று எப்படிச் சொல்லுவது, அவள் அடுப்படியில் நிற்கும்போது?

சிவராசா கேட்டார்: “அக்கா பக்கத்தில நிக்கிறாவோ?”

“ஓம்.”

“அவவிட்டக் குடுங்கோ.”

தவமணி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி யன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “ஓம் தம்பி... சொல்லுங்கோ...” என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. நெடுநேரம் கேட்டாள். இடையில் ஒருதரம், “சட்டை உங்கடயோ? கையை மடிச்சுத் தைச்சது அவவோ?” என்றாள். பிறகு வாசுகியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்: களை எடுக்கிற காலம் முழுக்க, அரிவு வெட்டுக் காலம் முழுக்க, நடுவில் கச்சான் தோட்டம், நாட்கூலி இவ்வளவு. வாசுகி தட்டிக்கொண்டே போனாள். நான் கதிரையில் இருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

மிச்ச வீடுகளுக்கும் தவமணிதான் கதைத்தாள். ‘வேலைக்குப் போனவவோ’ என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை. “அவ இல்லாமல் போனபிறகு உங்கட வீட்டில என்னென்ன நிண்டுபோச்சு?” என்று கேட்டாள். அதற்கு ஆம்பிளைகள் மறைக்காமல் பதில் சொன்னார்கள். பிள்ளையின் ரியூசன், கடைக் கடன் அடைப்பது, மாமியாரின் மருந்து. அந்த வழியால் கூலியும் தானாக வெளியே வந்தது. கண்டதற்கும் சொன்னதற்கும் மட்டும் அடையாளம் வைத்திருந்ததாகவும், இப்படி ஒரு கேள்வியைத் தான் யோசிக்கவே இல்லை என்றும் வாசுகி சொன்னாள்.

கணக்கு மாறியது. ஊரின் இழப்பு விளக்குச் செலவுக்கு மேலே வந்தது.

அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் தவமணியின் பேரையும் போடவேண்டும் என்று வாசுகி கேட்டாள். நான் சொன்னேன்: “வேண்டாம் வாசுகி. அவவுக்கு உதெல்லாம் விருப்பமில்லை.” தவமணியிடம் நான் கேட்கவே இல்லை. அவ்வளவு நடந்த பிறகும், அதே கிழமையில், அதே வாயால் அப்படிச் சொன்னேன். என் பேர் மட்டும் அச்சில் வந்தது. தவமணியின் அந்தக் கேள்வியை இப்போது கொம்பனி எல்லா நாட்டிலும் கேட்கிறது. நான் கண்டுபிடித்தது என்று அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சொல்லுகிறார்கள். ஓய்வுபெற்ற நாளில் அதற்காகக் கைதட்டினார்கள். நான் எழும்பி நின்று கும்பிட்டேன். அனுஜா போனில் கேட்டபோதும் இதைத்தான் விழுங்கினேன். இதை வாசித்த பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆரைக் கேட்கவேண்டும் என்று தெரியும்.

அந்த ஊரில் வேலை தொடங்க இழுபட்டது. எங்கள் சிபாரிசில் பாதிதான் செய்தார்கள். ஆனாலும் ஒரு வேகத்தடையும் ஒரு விளக்கும் வந்தன. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் பின்னேரம் தவமணி சோபாவில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவராசாவின் குரல் கேட்டது. மனிதர் இடைக்கிடை அவளோடு கதைப்பார், நான் போனை எடுத்தால், “அக்கா நிக்கிறாவோ?” என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

“என்னது?” என்றேன்.

போனை என் பக்கம் திருப்பினாள். வீடியோ. மஞ்சள் விளக்கு மின்னுகிறது. ஒரு லொறி வேகம் குறைத்து, தடையில் ஏறமுன் நிற்கிறது. தலையில் துவாய் கட்டி, சட்டை போட்ட பொம்பிளைகள் வயல் பக்கமிருந்து கடக்கிறார்கள். ஒருத்தி லொறிக்காரனுக்குக் கை காட்டுகிறாள். “அக்கா, பாருங்கோ, நிக்கிறான்,” என்கிறார் சிவராசா.

 “நல்ல மனுசன். எனக்கும் காட்டச் சொல்லி அனுப்பினவரோ?” என்றேன்.

“இல்லை,” என்றாள் தவமணி. “அவர் சொல்லேல்ல. நானாத்தான் காட்டுறன்.”